கடைசி பஸ்ஸிலிருந்து பின்னோக்கி: மலையகத்தில் நாடகத் தயாரிப்பு மாணவரின் நாள், ஒரு முழுமையான வழிகாட்டி

ஒத்திகை எத்தனை மணிக்கு முடியும் என்று நாடகக் குழுவில் யாரையாவது கேட்டால், நெறியாளர் சொன்ன நேரத்தைச் சொல்வார்கள். இலங்கையின் மலையகத்தில் அந்த நேரத்துக்கு அர்த்தமில்லை. பொகவந்தலாவை பஸ் எப்போது போகிறதோ அப்போதுதான் ஒத்திகை முடியும். அது போன பிறகு உங்கள் கதாநாயகி வீடு போய்ச் சேர வழியில்லை. வழியில்லை என்று வீட்டில் தெரிந்துவிட்டால் மறுநாள் உங்களுக்குக் கதாநாயகியே இல்லை.

ஹட்டன் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் மூன்று தயாரிப்புகளுக்கு மேடை முகாமையாளராக, அதாவது திரைக்குப் பின்னால் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துபவராக, வேலை செய்தேன். குழுவில் பாதிப் பேர் விடுதியில் இருந்தார்கள். மீதிப் பேர் டிக்கோயா, கொட்டகலை, தலவாக்கலை, பொகவந்தலாவை என்று பல திசைகளிலிருந்து பஸ்ஸில் வந்தார்கள். விரிவுரை, ஒப்படை, பரீட்சை எல்லாவற்றோடும் நாடகத்தையும் இழுத்துக்கொண்டு போவது எப்படி என்று தம்பி தங்கச்சிமார் அடிக்கடி கேட்கிறார்கள். நடிக்க மட்டும் வருகிறவர்களுக்கு இதில் பாதிதான் உதவும். திரைக்குப் பின்னால் நிற்கப் போகிறவர்கள் முழுதாக வாசியுங்கள்.

முதல் வேலை: அட்டவணையைக் கீழிருந்து மேலே எழுதுவது

ஒரு கடதாசியை எடுத்து அடியில் ஒவ்வொருவரின் கடைசி பஸ் நேரத்தையும் எழுதுங்கள். இருப்பதில் முந்தியதுதான் உங்கள் எல்லை. எங்களுக்கு அது 6.20.

அங்கிருந்து மேலே ஏறுங்கள். பஸ் தரிப்பிடத்துக்கு நடக்க 10 நிமிடம், மழை என்றால் 15. அப்படியானால் 6.05க்குக் கேட்டைத் தாண்ட வேண்டும். உடை மாற்ற, பொருட்களை எண்ணிப் பெட்டியில் வைக்க, மண்டபத்தைக் கூட்ட 20 நிமிடம். நெறியாளர் குறிப்புச் சொல்ல 10 நிமிடம் (15 ஆகும், அதையும் சேருங்கள்). ஆக 5.30க்கு நடிப்பு நிற்க வேண்டும். கடைசி விரிவுரை 3.15க்கு முடிந்து ஆட்கள் வந்து சேர 3.30. உடலையும் குரலையும் தயார்ப்படுத்த 15 நிமிடம். மிஞ்சுவது ஒன்றே முக்கால் மணி நேரம்.

“மூன்றரையிலிருந்து ஆறு வரை” என்று வாயால் சொல்லும்போது இரண்டரை மணி நேரம் இருப்பது போலத் தெரியும். அந்த முக்கால் மணி நேர வித்தியாசத்தில்தான் பெரும்பாலான குழுக்கள் சண்டை போடுகின்றன. கணக்கை எழுதி மண்டபக் கதவில் ஒட்டிய நாளிலிருந்து எங்களிடம் அரைவாசிச் சண்டை குறைந்தது.

இதிலிருந்து ஒரு விதி தானாக வருகிறது. பஸ்ஸில் போகிறவர்கள் வரும் காட்சிகள் முதலில், விடுதிக்காரர்கள் மட்டும் வரும் காட்சிகள் 6 மணிக்குப் பிறகு. நாடகத்தின் வரிசைப்படி ஒத்திகை பார்க்க வேண்டும் என்று நெறியாளர் அடம் பிடிப்பார். முழு ஓட்டம் பார்க்கும் நாள் வரும்வரை விட்டுக்கொடுக்காதீர்கள்.

அம்மாமாருக்கு ஒரு போன்

இதை எந்த நாடகப் பாடமும் சொல்லித்தராது. ஒத்திகை தொடங்கும் வாரத்திலேயே, வீட்டிலிருந்து வரும் பிள்ளைகளின் வீடுகளுக்கு நீங்களே பேசிவிடுங்கள். பகலில் அம்மா தேயிலை மலையில் இருப்பார், பறித்த கொழுந்தை நிறுத்து வீடு வந்த பிறகு, இரவு ஏழு மணிவாக்கில் எடுங்கள்.

“அம்மா, வணக்கம். நான் தங்கச்சியோட காலேஜ்ல இருந்து பேசுறேன். நாடகத்துக்கு நான்தான் பொறுப்பு.”

“சொல்லு மகன்.”

“செவ்வாய், வியாழன் ரெண்டு நாளும் தங்கச்சி ஆறு இருபது பஸ்ஸுல ஏறிடும். ஏறினதும் நான் உங்களுக்கு மெசேஜ் போடுறேன்.”

“பஸ் வரலன்னா?”

அந்தக் கேள்விக்கு முன்கூட்டியே பதில் வைத்திருக்க வேண்டும். எங்கள் பதில்: விடுதியில் இன்ன அக்காவின் அறையில் தங்குவாள், அக்காவின் நம்பர் இது. பதில் இருந்த வீடுகளில் கடைசிவரை பிரச்சினை வரவில்லை. முதல் தயாரிப்பில் நான் இந்தப் போனை எடுக்கவில்லை. மேடையேற்றத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஒரு பிள்ளையை வீட்டில் மறித்துவிட்டார்கள். தப்பு அவர்களுடையதல்ல.

கலண்டரில் சிவப்புக் கோடு

நாளைத் திட்டமிடுவதற்கு முன் மாதங்களைப் பாருங்கள். ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. பஸ் குறையும், கடைகள் பல மூடியிருக்கும், மண்டபத் திறப்பு வைத்திருப்பவர் ஊருக்குப் போயிருப்பார். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஒரு வாரம் எதுவும் நடக்காது. பள்ளிக்கூட மண்டபம் எடுப்பதாக இருந்தால், சாதாரண தரம், உயர்தரப் பரீட்சைக் காலங்களில் அது பரீட்சை நிலையமாகிவிடும்.

மாசி மாதம் தனி. தோட்டத்தில் தப்பு என்ற தோல் பறையை அடிப்பவரையோ கூத்து வாத்தியாரையோ உங்கள் நாடகத்துக்கு அழைக்க நினைத்தால் மாசியில் அவர்களைத் தொடாதீர்கள். சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடும் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றியதிலிருந்து மன்மதன் எரியும் இரவு வரை அவர்கள் தோட்டத்துக்குச் சொந்தம். மாறாக, அந்த மாதத்தில் நீங்கள் போய்ப் பாருங்கள். ரதி மன்மதன் வேடமிட்டவர்கள் லயத்துக்கு லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) நடந்து ஆட, குளிரில் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஊரே விழித்திருக்க, நேரம் எப்படிப் பிடிக்கப்படுகிறது என்று கவனியுங்கள். மணிக்கூடு பார்க்கிறவர் யாருமில்லை, ஆனால் யாரும் பிந்துவதுமில்லை. தப்பு அடி மாறினால் அடுத்தவர் எழுந்து தயாராகிவிடுவார். என்னைக் கேட்டால் மலையகத்தின் மிகச் சிறந்த மேடை முகாமையாளர் அந்தத் தப்புதான்.

1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மாணவர்களைக் கொண்டு மேடையேற்றியபோது, விடிய விடிய ஆடுவதைச் சுருக்கி நவீன மேடைக்கு ஏற்றபடி செறிவாக்கினார். எதை வெட்டுவது என்ற அதே தலைவலி உங்களுக்கும் வரும். பேராதனைக்குப் போனால் சரச்சந்திர திறந்தவெளி அரங்கின் படிகளில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து வாருங்கள். சரிவை அரங்காக்குவது என்றால் என்னவென்று புரியும்.

அப்புறம் மழை. மேற்குச் சரிவில், அதாவது ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம், மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பதுளைப் பக்கத்துக்கு வடகீழ்ப் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் இரண்டு பக்கமும் பின்னேர இடிமழை. தகரக் கூரை மண்டபத்தில் பலத்த மழை பெய்தால் வசனம் மூன்றாவது வரிசைக்குக் கேட்காது. அந்த மாதங்களில் பின்னேரத்தை அசைவுக் காட்சிகளுக்கும், விரிவுரை இல்லாத காலையை வசனத்துக்கும் ஒதுக்குங்கள்.

காலை 5.30

எழுந்ததும் மூன்று விஷயம், பத்து நிமிடம். வாட்ஸ்அப்பில் யார் வரமாட்டார் என்று பாருங்கள். வானத்தைப் பாருங்கள். மழை நாட்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடும் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள்: மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலை. உங்கள் ஆட்கள் வரும் பிரதேசத்துக்குச் செம்மஞ்சள் வந்தாலே அன்றைய ஒத்திகையை விடுதிக்காரர்களுக்கு மாற்றிவிடுங்கள். ஆறு மணிக்குள் சொன்னால் மற்றவர் வீட்டை விட்டுப் புறப்படவே தேவையில்லை.

8 முதல் 12 வரை விரிவுரை. போங்கள், அவ்வளவுதான். நாடகத்தைக் காட்டி வரவு குறைத்தவர்கள் செமஸ்டர் முடிவில் கையெழுத்துக்கு அலைந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மதியம்: சாமான் தேடும் ஒரு மணி நேரம்

சோற்றுப் பார்சலைச் சாப்பிட 15 நிமிடம். மீதி நேரம் தையல்காரர், பலகைக் கடை, லைட் வாடகைக் கடை. ஒரு நாளைக்கு ஒரு கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு என்று எழுதினால் இரண்டும் நடக்காது.

குளிர் இந்த வேலைகளை எவ்வளவு இழுத்தடிக்கும் என்பது சமவெளிக்காரர்களுக்கு விளங்காது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே இருக்கும் ஊர்களிலும் பனிமூட்ட நாளில் காற்றே ஈரம். பெயின்ட் காய்வதற்கு டின்னில் போட்டிருக்கும் நேரத்தை நம்ப வேண்டாம், ஒரு முழு நாள் விடுங்கள். பலகை ஒட்டும் பசையும் குளிரில் பிடிக்க நாளாகும். துவைத்த வேட உடை காய இரண்டு மூன்று நாள் ஆகும். அதனால் வெள்ளிக்கிழமை போட வேண்டிய உடையைச் செவ்வாய்க்கிழமைக்குள் துவைத்துவிட வேண்டும். ஈர வேட்டியோடு மேடையில் நின்று நடுங்கிய ஒரு மன்மதனை எனக்குத் தெரியும். ரதி எரிக்கத் தேவையிருக்கவில்லை என்று இன்னும் கிண்டல் செய்கிறோம். (எரிப்பது சிவன். அந்தக் கிண்டலைத் திருத்தியும் பார்த்தேன், யாரும் கேட்கவில்லை.)

பிரதிக் கோப்பு

ஒத்திகைக்கு முன் இதைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒத்திகை முழுவதும் உங்கள் மடியில் இருப்பது இதுதான். நாடகப் பிரதியை ஒரு பக்கம் மட்டும் வருமாறு போட்டோகொப்பி எடுத்து, துளையிட்டு, ரிங் ஃபைலில் போடுங்கள். வலப்பக்கம் வசனம், இடப்பக்கம் வெறுமை. அந்த வெறும் பக்கத்தில் நகர்வு, வெளிச்சம், சத்தம், பொருள் எல்லாம். பென்சிலால் மட்டும். பேனையால் எழுதிய கோப்பு ஒரு கிழமையில் குப்பை.

இடது, வலது என்பது பார்வையாளரை நோக்கி நிற்கும் நடிகரின் இடது, வலது. மேடை இடது, மேடை வலது என்பதை மே.இ, மே.வ என்று சுருக்கி எழுதினால் போதும். வெளிச்ச மாற்றங்களுக்கு லைட் 1, லைட் 2 என்று எண் போடுங்கள். என் கோப்பில் ஒரு வரி இப்படி இருந்தது:

“பக். 37. அம்மா: மழை விட்டுடுச்சா பாரு. மகள் கதவைத் தள்ளும்போது லைட் 12. மகள் மே.வ வெளியே. கூடை பெஞ்சிலேயே இருக்கணும்!!”

முதலில் அந்த வெளிச்சத்தைப் “பாரு” என்ற சொல்லில் வைத்திருந்தேன். பெரிய பிழை. தமிழில் வினை கடைசியில் வருகிறது, நடிகர்கள் கை வைப்பதும் கடைசியில்தான். ஒரு நாள் “பாரு”, மறுநாள் “பாரேன்”, அம்மா வேடத்துக்கு உற்சாகம் வந்தால் “பாருடி”, இன்னொரு நாள் “பாத்துட்டு வா”. லைட் போடுகிறவர் அந்தச் சொல்லுக்காகக் காத்துக்கொண்டே இருந்தார். ஆகவே வெளிச்சமோ சத்தமோ மாற வேண்டிய இடத்துக்கான குறியை வசன முடிவில் வைக்காதீர்கள். நடுவில் இருக்கும் பெயர்ச்சொல்லில் லைட் போடுகிறவருக்குத் “தயார்” சொல்லுங்கள். “மழை” மாறாது. ஒரு அசைவில் “போ” சொல்லுங்கள்.

3.30: ஒத்திகை

நீங்கள் 3.10க்கு அங்கே இருக்க வேண்டும். மண்டபத்தைத் திறந்து, தரையில் மாஸ்கிங் டேப்பால் கதவு, பெஞ்சு, லயத்து வாசல் எங்கே என்று ஒட்டுங்கள். ஈரச் சீமெந்துத் தரையில் டேப் ஒட்டாது. முதலில் பழைய துணியால் துடையுங்கள். அதற்கும் ஒட்டவில்லையா, சோக்கால் வரையுங்கள்.

3.30க்கு வந்தவர்களை வைத்துத் தொடங்குங்கள். வராதவருக்காகக் காத்தால் நாளைக்கு வந்தவர்களும் பிந்துவார்கள். குளிரில் தொண்டை இறுகியிருக்கும், எடுத்த எடுப்பில் கத்த விடாதீர்கள். நடந்து, கை கால் உதறி, “ம்” என்று முனகி, பிறகுதான் குரல். இஞ்சி போட்ட பிளேன்டி ஒரு ஃபிளாஸ்க் எப்போதும் இருக்கட்டும்.

நடக்கும்போது உங்கள் வேலை மூன்று. வசனம் மறந்தவருக்கு எடுத்துக் கொடுப்பது, நகர்வைக் குறிப்பது, மணிக்கூட்டைப் பார்ப்பது. நடிப்பைப் பற்றிக் கருத்துச் சொல்வது உங்கள் வேலையல்ல, எவ்வளவு வாய் அரித்தாலும். 5.20க்கு நெறியாளரின் பக்கத்தில் போய் மெதுவாகப் “பத்து நிமிஷம் சேர்” என்று சொல்லுங்கள். எல்லோருக்கும் கேட்கச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும், நடிகர்களும் அந்த நொடியிலேயே பையைத் தேடத் தொடங்குவார்கள்.

இரவு

விடுதிக்காரர் ஒத்திகை 8 மணிக்கு முடிந்தால், 9க்குள் ஒத்திகைக் குறிப்பைக் குழுவில் போடுங்கள். ஐந்தாறு வரி போதும்: யார் பிந்தினார், எந்தக் காட்சி முடிந்தது, என்ன பொருள் உடைந்தது, நாளைக்கு யார் எத்தனை மணிக்கு. குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். “இன்ன தம்பி மறுபடியும் பிந்தினார்” என்று எழுதாமல் “3.50க்கு வந்தார்” என்று மட்டும் எழுதுங்கள். 9 முதல் 10.30 வரை ஒப்படை. அதற்குமேல் விழித்திருந்து வரைந்த காட்சித் திட்டத்தை மறுநாள் பார்த்தால் கதவின் அகலம் தப்பாக இருக்கும்.

கடைசி வாரம்

இந்த வாரத்தில் உங்கள் கவலை நடிகர்களல்ல, கரண்ட்தான். பழைய மண்டபத்தில் பழைய வாடகை லைட் என்றால் ஒரு எளிய கணக்கு. 1,000 வாட் லைட் ஒன்று 230 வோல்ட்டில் சுமார் 4.3 அம்பியர் இழுக்கும். 15 அம்பியர் பிளக் ஒன்றில் மூன்று லைட்தான் தாங்கும், 13 அம்பியர். நான்காவதைச் செருகினால் 17ஐத் தாண்டும். எங்களுக்கு மூன்றும் ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தபோது ஒப்பனைக்காரர்கள் அதே இணைப்பில் பிளேன்டிக்காகக் கேத்தலைச் செருகினார்கள். 2,000 வாட் கேத்தல், 8.7 அம்பியர். ராணி மாதிரி நின்று பேசிக்கொண்டிருந்தவர் இருட்டில் போனார். கேத்தலுக்கு வேறு அறை ஒதுக்குங்கள். எல்ஈடி லைட் கிடைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

பாரம் கூடி பிரேக்கர் விழுவது ஒன்று. ட்ரிப் சுவிட்ச் விழுவது வேறு. அது எங்கோ கரண்ட் கசிகிறது என்று சொல்கிறது. இங்கே பெரும்பாலும் நனைந்த வயர்தான் காரணம். மறுபடி மறுபடி மேலே தள்ளிப் பார்க்காதீர்கள். எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொன்றாகச் செருகி, எது விழுத்துகிறது என்று கண்டுபிடித்து, மின் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

குறிகளை மட்டும் ஓட்டிப் பார்க்கும் ஒத்திகைக்கு ஒரு முழு நாள் எடுங்கள், ஞாயிறு நல்லது. வசனங்களைத் தாண்டித் தாண்டி, ஒரு வெளிச்ச மாற்றத்திலிருந்து அடுத்ததுக்குப் போவது. நடிகர்களுக்குச் சலிக்கும், ரொட்டியும் சம்பலும் வாங்கிக் கொடுங்கள்.

இங்கே என் மானம் போன கதை ஒன்று. பாடநூல் தமிழில் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. கோப்பில் “ஒளி 9”, “ஒலி 9” என்று அழகாக எழுதி வைத்திருந்தேன். மேடையேற்றத்தன்று, மழைச் சத்தம் கேட்க வேண்டிய இடத்தில் “ஒலி 9, போ” என்றேன். மேடை இருண்டுவிட்டது. எங்கள் வாயில் ள, ல இரண்டும் ஒன்றுதான், திரைக்குப் பின்னால் கிசுகிசுக்கும்போது சொல்லவே வேண்டாம். அன்றிலிருந்து லைட், சவுண்ட் என்றுதான் சொல்கிறேன். தமிழ் ஆசிரியர்கள் மன்னிக்கட்டும்.

தப்பு பயன்படுத்தினால் அதற்கும் அட்டவணையில் ஒரு வரி வேண்டும். பனியில் தோல் தளர்ந்துவிடும், நெருப்பில் காய்ச்சினால்தான் இறுகி ஓசை வரும். மண்டபத்துக்குள் நெருப்பு மூட்ட முடியாது. வெளியே கூரையோரத்தில், மழை படாத இடமாகப் பார்த்து, காய்ந்த குச்சியும் கடதாசியும் முதல் நாளே சேர்த்து வையுங்கள். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர். எங்கள் கோப்பில் “தப்பு காய்ச்ச அண்ணனைக் கூப்பிடு” என்பது தப்பு நுழைவதற்கு 15 நிமிடம் முன்னால் எழுதப்பட்டிருந்தது. மிக முன்னால் காய்ச்சினால் மறுபடி தளரும். அதைச் சொல்லித் தந்தவரும் அண்ணன்தான்.

மேடையேற்ற நாள்

பார்க்க வருகிறவர்களுக்கும் கடைசி பஸ் உண்டு. அதனால் நாங்கள் பின்னேரம் 2.30க்கு வைத்தோம். பகல் என்பதால் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மறைக்க வேண்டும். இதற்கு முதல் நாள் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள், எப்போதும் ஒரு ஜன்னலுக்குத் துணி குறையும். ஞாயிற்றுக்கிழமையாகப் பாருங்கள், பெரட்டு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்புவது) இருக்கும் நாளில் அம்மா அப்பா வர மாட்டார்கள்.

காலை 9க்கு மின்சாரச் சோதனை. 11க்கு மேடைப் பொருட்களைப் பட்டியலோடு மேசையில் வரிசையாக வைப்பது. 12க்குச் சாப்பாடு, உடை போடுவதற்கு முன்னால். 1க்கு ஒப்பனை. 2க்கு “அரை மணி”, 2.15க்கு “கால் மணி”, 2.25க்கு “ஐந்து நிமிஷம்”. ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவரும் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லாதவரின் காதில் விழவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் என்ன செய்வது என்று முன்பே முடிவெடுங்கள். நாங்கள் நான்கு டோர்ச் வைத்திருந்தோம், ஒரு முறை தேவைப்பட்டது.

முடிந்த பிறகு

கைதட்டல் ஓய்வதற்குள் செல்ஃபி எடுக்க எல்லோரும் ஓடிவிடுவார்கள். பத்து நிமிடம் விட்டுப் பிடித்துக்கொண்டு வாருங்கள். லைட்டுகள் சூடாக இருக்கும், கடைசியில் கழற்றுங்கள். ஆணிகளை ஒரு டின்னில் சேருங்கள், அடுத்த தயாரிப்புக்கு உதவும்.

இரவல் வாங்கியவற்றுக்குத் தனிப் பட்டியல் வேண்டும். அதில் எது முதலில் போக வேண்டும் என்பதையும் எழுதுங்கள். எங்கள் பட்டியலின் முதல் வரியில் ஒரு கொழுந்துக் கூடை இருந்தது. அம்மா வேடம் போட்ட தங்கச்சியின் சொந்த அம்மாவுடையது. மறுநாள் திங்கட்கிழமை, காலையில் பெரட்டுக்குப் போக அவருக்கு அது வேண்டும். ஒப்பனை கூடச் சரியாகக் கலைக்காமல், கூடையை மடியில் வைத்துக்கொண்டு தங்கச்சி 6.20 பஸ்ஸில் ஏறினாள். நான் வீட்டுக்கு மெசேஜ் போட்டேன்.